மஞ்சள் தாளும் முகப்பொலிவும்

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு முதற் பாடம் வகுப்பறையில் தொடங்குவதில்லை. மார்கழி மாதத்துக் குளியலறையில் தொடங்குகிறது. ஊரில் பதினெட்டு ஆண்டுகள் எவ்வித வம்பும் செய்யாதிருந்த முகம், இங்கு வந்த முதற் குளிரிலேயே இழுக்கிறது, எரிகிறது, மாவைப் போலச் செதில் உதிர்க்கிறது. உதடு வெடிக்கிறது. உடனே கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் எடுத்து வைக்கும் குப்பிகளும் குழல்களும் மாதச் செலவுப் பணத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. முகமோ பழையபடியே இருக்கிறது.

நான் வேதியியல் முதுகலை பயிலும் மாணவி. நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்து ஐந்து குளிர்காலங்களைக் கண்டுவிட்டேன். விடுதியில் இளைய தோழியர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாடத்தைப் பற்றியவை சில; முகத்தைப் பற்றியவை பல. "அக்கா, இந்தக் கிரீம் போடலாமா?", "அக்கா, எலுமிச்சம்பழம் தேய்த்தால் நிறம் வருமா?" என்பன அவை. அவற்றிற்கெல்லாம் சேர்த்து விடையாக இதனை எழுதுகிறேன். பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி மாணவ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. தோல் எல்லார்க்கும் பொது.

தோல் என்னும் மதில்

நம் தோலின் மேற்புறத்தில் உள்ள கடைசி அடுக்கு, உயிரற்ற அணுக்களால் ஆனது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்று இரண்டு பங்கே. ஆயினும் உடலின் நீரை உள்ளே தடுத்து வைப்பதும், வெளியிலுள்ள கிருமிகளையும் நஞ்சுகளையும் புகாமல் காப்பதும் அதுதான். அதனை ஒரு மதில் என்று கொள்ளலாம். உயிரற்ற அணுக்கள் செங்கற்கள். அவற்றிற்கு இடையே நிறைந்துள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து கரைந்தால் மதிலில் விரிசல் விழும். உள்ளிருக்கும் நீர் வெளியேறும். தில்லிக் குளிர்காலத்தில் நம் முகத்தில் நிகழ்வது இதுவே. காற்று வறண்டிருக்கிறது, நாமோ கொதிக்கும் வெந்நீரும் சோப்பும் கொண்டு சாந்தையும் கழுவி விடுகிறோம்.

மற்றொன்றையும் அறிய வேண்டும். இம்மதிலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையது. அதன் பி.எச். எண் ஏறத்தாழ 5. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் குளியல் சோப்பின் பி.எச். எண் 9 முதல் 10 வரை. இந்த அளவையில் ஓர் எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு ஏறும். எனவே 5-க்கும் 10-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஐந்து அன்று. ஓர் இலட்சம் மடங்கு!

அறையிலேயே ஒரு சோதனை

இதனை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மஞ்சள் கறை படிந்த துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் கறை சிவப்பதை நம் வீட்டில் யாவரும் கண்டிருப்போம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும். குங்குமம் செய்வோர் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இதனால்தான்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிது நீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்திக் கொள்ளுங்கள். பிறகு அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொள்ளுங்கள். எந்தப் பொருளை முகத்தில் இடப்போகிறீர்களோ, அதனை ஈரமாக்கி ஒரு துண்டின்மேல் ஒரு சொட்டு வையுங்கள். சிவந்தால் அது காரம். குளியல் சோப்பின் நுரை தாளைச் சிவக்கச் செய்யும். சமையல் சோடாவும் சிவக்கச் செய்யும். ஆதலின் முகப்பருவுக்குச் சோடா பூசும் வழக்கத்தை விட்டுவிடுவது நன்று. சீயக்காயும் பயற்றம் மாவும் தாளின் நிறத்தை மாற்றுவதில்லை.

ஒன்றை மறவாதீர்கள். மஞ்சள் தாள் காரத்தை மட்டுமே காட்டிக் கொடுக்கும். மிகுந்த அமிலத்தை அறியாது. எலுமிச்சம் சாறு அதன்மேல் பட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஆனால் அச்சாற்றின் பி.எச். எண் ஏறத்தாழ 2. அது தோலை அரிக்கும். அன்றியும், எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கிக் கருந்தழும்பை உண்டாக்க வல்லவை. நிறம் வேண்டி எலுமிச்சை தேய்த்து வெயிலில் நடப்பவர், வேண்டியதற்கு நேர்மாறானதைப் பெறுகின்றனர்.

கழுவுதல்

முகத்தை நாளைக்கு இருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டா. முகத்திற்குச் சோப்பைத் தவிர்க்க இயலுமாயின் நல்லது. பயற்றம் பருப்பை இங்கே மூங் தால் என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் தருவர். அதனை நன்கு அரைத்து, மெல்லிய துணியில் சலித்து வைத்துக் கொள்ளுங்கள். சலிக்காத மாவின் பருக்கைகள் தோலைக் கீறும். வேண்டும்போது ஒரு தேக்கரண்டி எடுத்துக் குழைத்து மென்மையாகப் பூசிக் கழுவுங்கள். குழைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஈர மாவில் கிருமிகள் விருந்துண்ணும்.

உடம்பிற்குச் சோப்பு வாங்கும்போது உறையைப் படியுங்கள். டி.எஃப்.எம். என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் நூற்றுக்கு எவ்வளவு என்பதே அது. இந்தியத் தர அளவின்படி முதல் தரச் சோப்பில் அது 76-க்குக் குறையக்கூடாது; இரண்டாம் தரத்தில் 70; மூன்றாம் தரத்தில் 60. மணத்திற்கும் நடிகையின் படத்திற்கும் கொடுக்கும் காசைவிட, இந்த எண்ணுக்குக் கொடுக்கும் காசு பயனுடையது.

சவரம் செய்துகொள்ளும் நண்பர்கள், முடித்தபின் சோப்பு நுரை சிறிதும் தங்காமல் கழுவி, உடனே அடுத்த பத்தியில் கூறும் பூச்சினை இட்டுக்கொள்ள வேண்டும். எரிச்சலின் பெரும்பகுதி இதனால் தணியும்.

சாந்து பூசுதல்

கழுவிய முகத்தைத் துணியால் ஒற்றி, ஈரம் முழுதும் காயுமுன் எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். இதுவே இரகசியம் அனைத்தும். விலையுயர்ந்த குப்பிகள் பலவற்றின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்; நீருக்கு அடுத்தபடியாகக் கிளிசரினும் கனிம எண்ணெயும் நிற்கக் காண்பீர்கள். கிளிசரின் நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதனைத் தனியாகப் பூசாமல், ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு நீர் கலந்து பூசுக. பெட்ரோலியம் ஜெல்லி நீர் வெளியேறாதபடி மூடி போட்டுவிடும். உதட்டிற்கும் குதிகாலுக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. இவ்விரண்டிலும் சிறிய அளவு வாங்கினால் ஒரு குளிர்காலம் கழியும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் இங்கே குப்பிக்குள் கல்லாகிவிட்டதே என்று புதியவர்கள் திகைப்பதுண்டு. அது கெட்டுவிடவில்லை. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைவது இயல்பு. கைக்கும் காலுக்கும் அது மிக நல்லது. முகப்பரு மிகுதியாக வருவோர் மட்டும் அதனை முகத்தில் தேய்க்காதிருப்பது நன்று. அது தோல் துளைகளை அடைக்கக்கூடும்.

இயற்கைப் பொருள் என்றால் தீங்கற்றது என்ற எண்ணமும் வேண்டா. சாதிலிங்கம் இயற்கையில் கிடைப்பதுதான். அது பாதரசக் கலவை. சோற்றுக்கற்றாழையும் இயற்கைதான், ஆனால் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் அரிப்பை உண்டாக்கும். அதைக் கழுவிவிட்டு உட்சோற்றை மட்டும் பயன்படுத்த வேண்டும். எப்பொருளாயினும் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்தில் இடுக.

சிறு ஒப்பனை

அன்றாட ஒப்பனைக்குக் கண்மையும் பொட்டும் போதும் என்பது என் கருத்து. கண்மை வாங்கும்போது உற்பத்தி உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தற்குரிய காலம் ஆகியவை உறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாலையோரத்தில் விற்கும் சுர்மாவில் ஈயக் கலவை இருக்கக்கூடும். ஒட்டும் பொட்டை இரவில் எடுத்துவிடுங்கள். சிலவகைப் பசைகளில் உள்ள ஒரு வேதிப்பொருள், பொட்டு ஒட்டிய இடத்தின் நிறத்தையே அழித்து வெண்புள்ளி ஆக்கிவிடுவதுண்டு. நெற்றி அரித்தால் பொட்டை மாற்றுங்கள். மையைக் கலைக்கத் தனி நீர்மம் வாங்க வேண்டா. எண்ணெயில் கரைந்தது எண்ணெயிலேயே கலையும். பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

வெயிலுக்குக் குடையும் துப்பட்டாவும் முதற் காப்பு. மைதானத்தில் நெடுநேரம் நிற்போர் எஸ்.பி.எஃப். 30 என்று குறித்த பூச்சு ஒன்று வாங்கலாம். முறையாகப் பூசினால் அது, தோலைச் சுடும் கதிர்களில் நூற்றுக்கு 97 பங்கைத் தடுக்கும். 50 என்று குறித்தது தடுப்பது 98 பங்கு. அந்த ஒரு பங்குக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

நிறத்தின் விலை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதிக்கு வந்த முதலாண்டு மாணவி ஒருத்தி, வகுப்பில் யாரோ தன் நிறத்தைச் சுட்டிக் கூறிய சொல்லைத் தாங்காமல் மருந்துக் கடையில் ஒரு குழல் வாங்கினாள். இரண்டு வாரங்களில் முகம் பளபளத்தது. மூன்றாம் மாதத்தில் கன்னத்தில் செந்நிற நரம்புகள் தெரிந்தன. பருக்கள் வெடித்தன. தாடையில் மயிர் அடர்ந்தது. பூச்சை நிறுத்தினால் நெருப்புப் பட்டாற்போல் எரிந்தது. பருவத் தேர்வை முகத்தை மூடிக்கொண்டு எழுதினாள். நான் அக்குழலை வாங்கிப் படித்தேன். மொமெட்டசோன் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அது ஸ்டீராய்டு வகை மருந்து. நோய்க்கு மருத்துவர் சில நாள் மட்டும் தருவது. தோல் மருத்துவர் படிப்படியாகச் சிகிச்சை செய்ததில் எட்டு மாதத்தில் தேறினாள். "மற்றவர்க்குச் சொல்லுங்கள் அக்கா" என்று அவள் இசைவு தந்ததால் சொல்லுகிறேன்.

இவ்வகைப் பூச்சுகள் பதினான்கினை மருத்துவர் சீட்டு இன்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடுவண் அரசு ஆணை பிறப்பித்தது. ஆணை இருந்தும் குழல் கிடைக்கிறது. ஆகவே பெயர்களை நீங்களே அறிந்திருங்கள்: பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன். முன்னரே பழகிவிட்டவர் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெயரே இல்லாத பூச்சுகள் இன்னும் கொடியவை. நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கச் சிலர் பாதரசம் சேர்க்கின்றனர். 2023-ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துச் சிறுநீரக மருத்துவர்கள், இத்தகைய பூச்சுகளைப் பூசியவர்களிடம் சிறுநீரக நோயைக் கண்டு எச்சரித்தனர். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் சென்று முடிந்தது.

இவ்வளவும் எதற்காக? மெலனின் என்னும் நிறப்பொருளைக் குறைப்பதற்காக. அதனை உண்டாக்கும் அணுக்களின் எண்ணிக்கை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறத்துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. கடும் வெயிலைத் தடுத்து அணுக்களைக் காக்கும் குடை அது. வெயில் மிக்க நாட்டில் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். அதனைக் காசு கொடுத்துக் கரைப்பது அறிவுடைமை ஆகுமா?

1975-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற பூச்சு ஒன்று, 2020-இல் தன் பெயரிலிருந்த ஃபேர் என்னும் சொல்லை நீக்கிக் குளோ என்று வைத்துக்கொண்டது. விளம்பரத்தின் சொல் மாறிவிட்டது. நம் மனத்தில் உள்ள சொல் மாற வேண்டாவா? புதிதாக வரும் தம்பி தங்கையரை நிறம் சொல்லிக் கேலி செய்யும் பழக்கம் நம் மன்றத்தாரிடையேயும் இல்லாமல் இல்லை. நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல் மருந்துக் கடை வரை ஒருவரை நடத்திச் செல்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மென்மையாகக் கழுவுக, ஈரம் காயுமுன் பூசுக, வெயிலுக்கு மறைக்க. இம்மூன்றும் ஏழை மாணவர்க்கும் எட்டுவன. இவற்றைச் செய்தால் தோல் தன் மதிலைத் தானே கட்டிக்கொள்ளும். மேலே சொன்ன மஞ்சள் தாள்கள் என் அறையில் ஒரு கட்டு இருக்கின்றன. வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம். ஐயத்திற்குரிய குழல் எதுவாயினும் உடன் கொண்டு வருக. இருவரும் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.