குஞ்சு ஈனும் கப்பி மீன்கள்

மீன் என்றால் முட்டையிடும் என்றே பள்ளியில் படித்தோம். கெண்டையும் விராலும் அப்படித்தான். ஆனால் வண்ணமீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை நீந்தும் குஞ்சுகளையே ஈனுகின்றன. இவற்றுள் கப்பியை ஓராண்டுக்கு மேலாக எங்கள் வீட்டில் வளர்த்து வருகிறேன். அதில் கண்டவற்றையும் நூலகத்தில் படித்தவற்றையும் இங்கு எழுத விழைகிறேன்.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் தீவும் ஆகும். 1859இல் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை முதலில் விவரித்தார். டிரினிடாடிலிருந்து லண்டனுக்கு மீன்களை அனுப்பிய லெச்மியர் கப்பி என்பவரின் பெயரை 1866இல் குந்தர் இதற்குச் சூட்டினார். இன்றைய அறிவியற்பெயர் போசீலியா ரெட்டிகுலேட்டா. கடைத்தெருவில் கப்பியே நிலைத்துவிட்டது!

ஆண் சிறியது, வண்ணம் மிக்கது. பெண் பெரியது, நிறம் மங்கியது. ஆணின் குதத்துடுப்பு கூரிய குச்சிபோல் மாறியிருக்கும். இதற்குக் கோனோபோடியம் என்று பெயர். இதன் வழியாகவே விந்தணுக்கள் பெண்ணின் உடலுக்குள் செல்கின்றன. சினைப்பெண்ணின் வயிற்றில், குதத்துடுப்புக்கு அருகில், ஒரு கரும்புள்ளி நாளுக்கு நாள் பெரிதாகும். நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சுமார் நான்கு வாரங்களில் ஈனும்.

இதைப் பார்த்த என் தாயார், "இதுக்கும் தொப்புள்கொடி உண்டாடா?" என்று கேட்டார். பள்ளி வாசலை மிதிக்காதவர் கேட்ட அக்கேள்வி தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரத்தக்கது. கப்பிக்குத் தொப்புள்கொடி இல்லை. முட்டையிலுள்ள கருவுணவே குஞ்சின் முக்கிய உணவு. தாயின் உடல் உயிர்வளியும் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் இதன் உறவினமான போசீலியாப்சிஸ் மீன்களுள் சிலவற்றில் நஞ்சுக்கொடி போன்ற திசுவே உண்டு. ஆகவே தாயாரின் ஐயம் பொருளற்றதன்று.

ஈன்ற தாயே குஞ்சுகளைத் தின்னும். குளத்துப் பாசியை அடர்த்தியாக இட்டால் குஞ்சுகள் அதில் ஒளிந்து பிழைக்கும். நிறைமாதப் பெண்ணைக் கடைசி நேரத்தில் வலைபோட்டுப் பிடித்துச் சிறு பெட்டியில் அடைப்பதை நான் விரும்புவதில்லை, அது மிரண்டுவிடும். கப்பிக்குச் சற்றுக் கடின நீரே ஏற்றது என்பதால் எங்கள் ஊர்க் கிணற்று நீர் நன்றாகவே ஒத்துப்போகிறது. குஞ்சுகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கடுகளவு கரைத்து விட்டால் போதும். அதிகமானால் நீர் நாறும்.

நிற்க. கப்பியைப் பெருக்குவது எளிது. இன்ன தந்தைக்குப் பிறந்த குஞ்சு என்று சொல்லுமாறு வளர்ப்பதே கடினம். ஒருமுறை இணைந்த பெண், விந்தணுக்களை மாதக்கணக்கில் உடலில் சேமித்து, ஆணே இல்லாமல் பல ஈற்றுகள் ஈனும். ஆதலால் கடையில் வாங்கிய பெண்ணின் குஞ்சுகளுக்குத் தந்தை யாரென்று சொல்ல முடியாது. ஆணின் வண்ணங்கள் சில ஒய் குரோமோசோம் வழியே தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கின்றன என்பதை 1922இல் டென்மார்க்கைச் சேர்ந்த விங்கே காட்டினார். பெண்ணும் வண்ணக் காரணிகளைத் தாங்கி வரலாம், வெளியே தெரியாது. எனவே மூன்றாம் வாரம் முதலே குஞ்சுகளை நாள்தோறும் உற்றுநோக்கி, குதத்துடுப்பு கூராகத் தொடங்கியவற்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் அயர்ந்தாலும் வம்சாவளி கலங்கிவிடும். சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. கலப்பு மீனுக்குக் கிடைக்கும் விலை வேறு, தூய வகைக்குக் கிடைப்பது வேறு. என் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பகுதி இந்தச் சிவப்புவால் மீன்களால் வந்தது என்பதால் இவ்வேறுபாட்டை நான் நன்கறிவேன்.

மிஞ்சிய மீன்களைக் குளத்தில் விட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கின்றனர். கப்பி கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மையே. ஆனால் கலங்கிய நீரிலும் பெருகி, நம் குளத்துச் சிறுமீன்களின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் ஆப்லோகைலஸ் என்னும் நம் மண்ணின் மீனும் கொசுப்புழுவைத் தின்பதுதான். எனவே மிஞ்சுவதை நான் குளத்தில் விடுவதில்லை. வேண்டுவோர் வாயகன்ற புட்டியுடன் விலங்கியல் ஆய்வுக்கூட வாசலில் என்னைக் காணலாம். ஆணும் பெண்ணும் தனித்தனியாகத் தருவேன்.