நம்பிக்கைகளும் உண்மைகளும்: புதுமுக ஆட்டக்காரரும் கற்பனை அணியும்

ஐ.பி.எல். பருவம் தொடங்கிவிட்டால், பதுளையிலிருந்து பசறை வரையிலும், ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை வரையிலும் உள்ள தோட்டத்து லயங்களில், மாலை ஏழு மணிக்கு நாணயம் சுண்டப்படுமுன்பே, பதினொருவரைத் தெரிந்தெடுத்துத் தத்தம் ஃபேன்டஸி அணியை அமைத்துக்கொள்ளும் இளைஞர்களின் சம்பாஷணை களைகட்டிவிடுகிறது. 1962ஆம் வருஷம் அமெரிக்காவில், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்னும் கால்பந்துக் கழகத்தின் பங்குதாரர்களுள் ஒருவராகிய பில் விங்கன்பாக் தம் சகாக்களுடன் கூடி வகுத்த இப்பொழுதுபோக்கில், மெய்யான ஆட்டக்காரர் களத்தில் சாதிப்பது நம் கற்பனை அணிக்குப் புள்ளிகளாக வந்து சேர்கிறது. பேர்பெற்றவர்களைத் தேர்வதில் அபிப்பிராய பேதம் அதிகமில்லை; புதுமுகத்தைப் பற்றிய பேச்சிலேதான் சில நம்பிக்கைகள் வேதவாக்காக வழங்குகின்றன. அவற்றுள் ஐந்தை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: முதல் ஆட்டத்தில் ஜொலித்தவன் என்றும் ஜொலிப்பான்.

உண்மை: 2008 ஜூலையில், கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்த அஜந்த மெண்டிஸ், அதையடுத்து இந்தியாவுக்கு எதிராகத் தம் முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலேயே 26 விக்கெட்டுகளைக் கைப்பற்றியபோது, முரளிதரனுக்கு வாரிசு கிடைத்துவிட்டதென்று ஜனங்கள் ஆனந்தித்தார்கள். ஆனால் அதன்பின் அவர் ஆடிய 16 டெஸ்ட் ஆட்டங்களில் கிடைத்தவை 44 விக்கெட்டுகளே. அவர் விரலின் இரகசியத்தை ஒளிப்பதிவுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த துடுப்பாட்டக்காரர்கள் அதற்கு மாற்று உபாயம் கண்டுகொண்டார்கள். 1987இல் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் எடுத்த பிரெண்டன் குருப்பு, மொத்தம் ஆடியது நான்கே டெஸ்டுகள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசுங்காலத்தில் பறிக்கும் ஊவாக் கொழுந்தின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டென்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த மூன்று மாதத்துச் சரக்கைக் கொண்டு வருஷம் முழுவதற்கும் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை எவருமிலர். புதுமுகம் ஒருவரை எதிரணிகள் இரண்டாம் முறை சந்தித்த பின்னர் அவர் எங்ஙனம் ஆடுகிறார் என்பதே மெய்யான பரீட்சை.

நம்பிக்கை 2: தொடக்கத்தில் சறுக்கியவன் தேறமாட்டான்.

உண்மை: 1990இல் அறிமுகமான மாவன் அத்தபத்து, முதல் மூன்று டெஸ்டுகளின் ஆறு இன்னிங்ஸ்களில் ஐந்து முறை பூஜ்யமும் ஒருமுறை ஒரே ஓர் ஓட்டமும் எடுத்தார், அந்த மூன்று டெஸ்டுகளை ஆடி முடிக்க அவருக்கு மூன்று வருஷங்களுக்கு மேல் சென்றன. அதே மனிதர் பிற்காலத்தில் ஆறு இரட்டைச் சதங்களுடன் 5,502 டெஸ்ட் ஓட்டங்களைக் குவித்தார். பூஜ்யம் எடுப்பவரெல்லாம் அத்தபத்து ஆகிவிடுவதில்லை என்பதும் உண்மையே. ஆகையால், கைவிடப்பட்ட காலத்திலும் அவர் உள்ளூர்ப் போட்டிகளில் இடைவிடாது ஓட்டம் சேர்த்து வந்தார் என்பதையே நாம் கவனிக்க வேண்டும். அனைவரும் பார்த்த ஆறு இன்னிங்ஸைக் காட்டிலும் எவரும் பாராத அறுபது இன்னிங்ஸ் நம்பத்தக்க சாட்சி.

நம்பிக்கை 3: ஏலத்தில் பெரிய விலை போனவன் பெரிய ஆட்டக்காரன்.

உண்மை: 2018 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி 8 கோடியே 40 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய தமிழ்நாட்டுச் சுழல்வீரர் வருண் சக்கரவர்த்தி, 2019இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஏலத்தில் பாதிக்கும் குறைந்த விலையாகிய 4 கோடிக்குக் கொல்கத்தாவுக்குச் சென்றவர், 2020இல் 17 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2017இல் 3 கோடி பெற்ற சேலத்து நடராஜன், 40 இலட்சத்துக்கு இறங்கி, ஹைதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமுமின்றிக் காத்திருந்து, 2020இல்தான் 16 விக்கெட்டுகளுடன் பிரசித்தி பெற்றார். விலை என்பது இரண்டு முதலாளிகள் ஒரே மாலையில் கொண்ட போட்டியின் விளைவு. ஆட்டக்காரரின் குணவிசேஷத்தை அது தீர்மானிப்பதில்லை.

நம்பிக்கை 4: திறமை இருந்தால் போதும், புள்ளி தானே வரும்.

உண்மை: அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் அரணை ஊடுருவி ஓடுகிற ‘ரன்னிங் பேக்’ என்பவர் புதியவராயின், அந்நாட்டு ரசிகர்கள் அவருடைய கால்வேகத்தைக் கேட்குமுன், ஓர் ஆட்டத்தில் பந்து எத்தனை முறை அவர் கையில் கொடுக்கப்படும் என்றே கேட்கிறார்கள். 2009இல் கழகங்கள் முறைவைத்து ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தபோது எவராலும் விரும்பப்படாத ஏரியன் ஃபாஸ்டர், ஹூஸ்டன் அணியின் முதன்மை ஓட்டக்காரராக நிறுத்தப்பட்டதும், 2010இல் 1,616 கெஜம் ஓடி அனைவரையும் மிஞ்சினார். கிரிக்கெட்டிலும் இதுவே நியாயம். 2023இல் சென்னை அணித் தலைவர் தோனி, கண்டி இளைஞர் மதீஷ பத்திரனவை இறுதி ஓவர்களுக்கென்றே வைத்திருந்தார். அடித்தே தீரவேண்டிய அவ்வேளையில் துடுப்பாட்டக்காரர்கள் துணிந்து துடுப்பை வீசியதனால், அவருடைய திறமைக்குச் சந்தர்ப்பமும் துணைநிற்க, 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள் வந்தன. ஏழாவதாகத் துடுப்பெடுத்தாடும் மேதையைவிட, முதலாவதாக இறங்கும் நடுத்தரமானவர் அதிகப் பந்துகளைச் சந்திக்கிறார். நாம் தலைவராகக் குறிப்பவருக்குப் புள்ளி இரட்டிப்பாவதால், ஸ்தானம் உறுதிப்படாத புதுமுகத்துக்கு அப்பதவியை அளிப்பது விவேகமன்று; அவர் பதினொருவருள் இருக்கிறாரா, மாற்று ஆட்டக்காரர் ஐவருள் இருக்கிறாரா என்பதை நாணயம் சுண்டியபின் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

நம்பிக்கை 5: தோட்டப்புறத்தில் திறமை இல்லை, இருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும்.

உண்மை: பிறரைப் பற்றிய நான்கு நம்பிக்கைகளையும் விட்டவர்கள்கூட நம்மைப் பற்றிய இந்த ஐந்தாவதை விடுவதில்லை. 1992இல் தம் முதல் டெஸ்டில் மூன்றே விக்கெட்டுகள் எடுத்து, 800இல் நிறைவுசெய்த முத்தையா முரளிதரன், 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன். அக்குடும்பம் கண்டியில் வியாபாரம் செய்து வேரூன்றியமையாலும், அங்கே புனித அந்தோனியார் கல்லூரியில் கடினப்பந்தும் பயிற்றுநரும் வாய்த்தமையாலும், அவர் திறமை வெளிப்பட்டது. சரிவான நிலத்தில் மென்பந்து மட்டுமே ஆடி, பதினாறு வயதில் வேலை தேடிக் கொழும்புக்குப் பேருந்து ஏறும் நம் பையனுக்கு அந்த வாய்ப்புகளுள் ஒன்றேனும் கிட்டியதில்லை. ஆகவே, அவனிடம் திறமை இல்லையென்று தீர்ப்புச் சொல்ல எவரிடமும் ஆதாரமும் இல்லை. கற்பனை அணியில் ஒருவரைச் சேர்க்குமுன் ‘இவர் கைக்குப் பந்து வருமா’ என்று கேட்கப் பழகிய இளைஞர்கள், அதே கேள்வியைப் பாடசாலை அதிபரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் பிடிவாதமாகக் கேட்பார்களாயின், இப்பொழுதுபோக்குக்குச் செலவிட்ட மாலைகள் வீண்போயின என்று யாரும் சொல்லமாட்டார்கள்.