கடலுக்குப் போகும் புது போன்

கேள்வி: என் மகன் புது செல்போன் வாங்கியிருக்கிறான். பெட்டியில் ‘ஐ.பி. 68’ என்று போட்டிருக்கிறது. தண்ணீர் புகாது என்கிறான். விசைப்படகில் கொண்டு போகலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: கொண்டு போகலாம். ஆனால், அந்த எண்ணை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

அதில் 6 தூசியையும் 8 தண்ணீரையும் குறிக்கும். தண்ணீர்ச் சோதனை ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில் நடப்பது. காசிமேட்டு மீனவர்கள் புழங்குவதோ உப்புத் தண்ணீரில். சார்ஜ் போடும் துளையின் உலோக முனைகளை உப்பு அரித்துவிடும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். கடல்நீர் பட்ட போனை உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். படகில் இருக்கும்வரை நீர்புகா உறைக்குள் வைப்பதே பாதுகாப்பு.

கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும், ஜி.பி.எஸ். வேலை செய்யும். சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியில் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் பகுதி ஆகிய விவரங்கள் கிடைக்கும். புறப்படும் முன்பே கரையில் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டில் எழுதி வைக்கவும். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசு 2023-ல் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அதை முடக்கலாம்.