பெயர் மாறினால் இனிஷியலும் மாறுமா?

சங்க நூலகத்தில் ஓர் அன்பர் என்னைத் தனியே அழைத்துத் தயக்கத்துடன் கேட்டார்: "பையன் இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டான், சார். புதுப் பெயர் வைத்துக்கொள்ளப் போகிறானாம். அது அவன் இஷ்டம். என் இனிஷியலையும் எடுத்துவிடுவானா?" தில்லிக்கு வந்த நாள் முதல், 'சர்நேம் என்ன?' என்று கேட்கும் குமாஸ்தாக்களிடம் அந்த ஓர் எழுத்தை விரித்துச் சொல்லியே பழகியவர் அவர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். இஸ்லாத்தில் சேருபவர் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்ற விதி கிடையாது. உமர், உஸ்மான், ஹம்ஸா எல்லாம் அவர்கள் இஸ்லாத்தை ஏற்பதற்கு முன்பே இருந்த அரபுப் பெயர்கள்தாம். பிற தெய்வத்தின் அடிமை என்று பொருள்படும் பெயர்களையும், கெட்ட பொருள் தரும் பெயர்களையுமே பெரும்பாலும் நபிகள் நாயகம் மாற்றினார். 'கீழ்ப்படியாதவள்' என்று பொருள்பட்ட ஒரு பெண்ணின் பெயரை 'ஜமீலா' என்று மாற்றியது ஓர் உதாரணம்.

அதிலும் கட்டாயம் இல்லை. 'ஹஸ்ன்' (கரடுமுரடான நிலம்) என்ற பெயருடைய ஒருவரிடம், 'ஸஹ்ல்' (சமநிலம்) என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் நபிகள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தப் பெயருடனேயே வாழ்ந்தார் என்கிறது புகாரியின் ஹதீஸ் தொகுப்பு.

இந்த அளவுகோலின்படி பார்த்தால் சிவதாசன் மாற வேண்டியிருக்கும். இளங்கோவோ பூங்குழலியோ மாறவேண்டியதில்லை. நம் ஊர் முஸ்லிம்களிடையே சீனி முகமது, ராஜா முகமது என்ற பெயர்கள் சகஜம்தானே? எழுத்தாளர் கமலா தாஸ் 1999இல் மதம் மாறியபோது கமலா சுரையா ஆனார். 'கமலா' அப்படியே இருந்தது.

அன்பரின் கேள்விக்கு நேரான பதில் குர்ஆனின் 33ஆம் அத்தியாயம், 5ஆம் வசனத்தில் இருக்கிறது. நபிகளின் வளர்ப்பு மகன் ஜைதை மக்கள் 'முகம்மதின் மகன் ஜைது' என்றே அழைத்து வந்தார்கள். பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயராலேயே அழையுங்கள் என்று வசனம் வந்தது. அவர் மீண்டும் 'ஹாரிஸாவின் மகன் ஜைது' ஆனார். நபிகளின் பெயரே ஆனாலும், பெற்றவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரக்கூடாது! தந்தை எந்த மதத்தவர் என்ற கேள்வியும் இதில் எழவில்லை. இஸ்லாத்தின் பெரும் பகைவனாக இருந்து, 624இல் பத்ருப் போரில் மாண்டவர் அபூஜஹல். அவருடைய மகன் பின்னர் முஸ்லிமானார். வரலாற்றில் இன்றும் அவர் 'அபூஜஹலின் மகன் இக்ரிமா'தான். நம் இனிஷியலும் இதே வேலையைத்தானே செய்கிறது?

இனி அரசாங்கக் காகிதங்கள். மதம் மாறினால் பெயரை மாற்றவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. மாற்ற விரும்பினால் பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், பிறகு அரசிதழ் அறிவிப்பு. அரசிதழ் கைக்கு வந்தபின் ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒன்றில் பழைய பெயர், ஒன்றில் புதுப் பெயர் என்று விட்டுவைத்தால் அலைச்சல்தான். மதமாற்றத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நொய்டா, காஜியாபாத் நண்பர்கள் கவனிக்கவும்: உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதம் மாற விரும்புபவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதவேண்டும். 'இன்னாரின் மகன்' என்ற இடத்தில் அன்பரின் பெயர், பள்ளிச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துகளில் வரட்டும். மகனிடம் காட்டச் சொல்லி அந்த வசன எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.