கியாமத்தின் ஆண்டைக் கணக்கிட முடியுமா?

முன்னைய வேதக்காரர்களின் இறுதிக்கால ஏடுகள் தரும் பாடம்

கியாமத் நாள் உண்டு என்று ஈமான் கொள்வது நம்மீது கடமை. அது எந்த ஆண்டில் வரும் என்று கணக்கிடுவது நம் கடமையன்று. நம்மால் இயலக் கூடியதும் அன்று. திருக்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயம் 187-ஆம் வசனம், அஹ்ஸாப் 63-ஆம் வசனம், நாஸிஆத் 42 முதல் 44 முடிய உள்ள வசனங்கள் ஆகிய யாவும் அந்த ஞானம் அல்லாஹ் ஒருவனிடமே உண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்துகின்றன.

ஆயினும் மனித மனம் அடங்குவதில்லை. ஒரு போர் மூண்டால், ஒரு கொள்ளை நோய் பரவினால், ஒரு நூற்றாண்டு முடிந்து மறு நூற்றாண்டு பிறந்தால் உடனே கணக்குப் போடுவோர் கிளம்பி விடுகிறார்கள். மதீனாவின் ஷைகு அஹ்மது என்பவர் கண்ட கனவு என்று சொல்லி, இத்தனை பிரதி எடுத்து அனுப்பாதவருக்குக் கேடு வரும் என்று மிரட்டும் நோட்டீசு நூறாண்டுகளுக்கும் மேலாக உலகைச் சுற்றி வருகிறது. ஆலிம் பெருமக்கள் எத்தனையோ முறை மறுத்தும் அது ஓயவில்லை. அன்று தபாலில் வந்தது. இன்று கைபேசியில் வருகிறது.

இந்த ஆவல் நம்மிடம் மட்டும் தோன்றியதன்று. நமக்கு முன் வேதம் அருளப்பெற்ற யூதர்களிடையிலும், அவர்களுக்குப் பின் கிறிஸ்தவர்களிடையிலும் இறுதிக் காலம் பற்றிய ஏடுகள் ஏராளமாகத் தோன்றின. அவ்வேடுகளைக் கடந்த இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் மூலமொழிகளில் படித்து, ஒப்பிட்டு, காலம் கணித்து ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியின் முடிவுகளை நாமும் அறிந்து கொள்வது பயன் தரும்.

தாம்பரத்தில் எழுந்த கேள்வி

இது எங்கோ தொலைதூர நாட்டு விவகாரம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 1837-இல் சென்னை நகரில் ஒரு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நூறாண்டு கழித்து 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதற்கு மறு ஆண்டு, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, உலக நாடுகளின் மிஷனரிமார்கள் கூடிய பெரிய மாநாடு அங்கே நடைபெற்றது. முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்து, ஜப்பானியப் படையெடுப்பின் காரணமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்ட மாநாடு அது. ஏறத்தாழ 470 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள்.

அம்மாநாட்டில் எழுந்த கேள்விகளுள் ஒன்று இது: இறைவனின் அரசு என்பது பள்ளிகளாலும் மருத்துவமனைகளாலும் சமூகச் சீர்திருத்தத்தாலும் மனிதர் படிப்படியாகக் கட்டி எழுப்புவதா? அல்லது இறுதி நாளில் இறைவனே கொண்டு வருவதா? முதற்கருத்தைச் சார்ந்து பேசியவர்கள் பலர். ஜெர்மனியிலிருந்து வந்த பிரதிநிதிகளோ தனியே ஓர் அறிக்கை கொடுத்தார்கள். உலகின் முடிவும் புதிய படைப்பும் இறைவன் கையில் உள்ளவை, மனிதரின் எந்தத் திட்டமும் அதற்கு ஈடாகாது என்பது அவர்கள் வாதம்.

ஒரே வேதத்தைப் படிப்பவர்கள் ஏன் இப்படி இரு பக்கம் நின்றார்கள்? இறுதிக் காலம் பற்றிய பழைய ஏடுகளை எப்படிப் பொருள் கொள்வது என்பதில்தான் அந்த வேறுபாட்டின் வேர் இருக்கிறது. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

தானியேல் ஏடு

இவ்வகை ஏடுகளுக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்குத் ‘திரை விலக்குதல்’ என்று பொருள். நம் கிதாபுகளில் வரும் ‘கஷ்ஃபு’ என்னும் சொல்லுக்கு இது நெருங்கியது. ஒருவர் கனவோ காட்சியோ காண்பார். ஒரு மலக்கு அதற்கு விளக்கம் சொல்வார். அரசுகள் மிருகங்களாகவும் கொம்புகளாகவும் தோன்றும். எண்களில் மறைபொருள் இருக்கும். பெரும்பாலும் எழுதியவர் தம் பெயரை மறைத்து, முற்காலத்துப் பெரியார் ஒருவரின் பெயரால் எழுதியிருப்பார். இவை இந்த ஏடுகளின் பொது இலக்கணம்.

யூதர்களின் வேதத் தொகுப்பிலுள்ள தானியேல் ஏடு இதற்குத் தலையான எடுத்துக்காட்டு. ஒரு பகுதி எபிரேயு மொழியிலும் மறு பகுதி அரமேய மொழியிலும் அமைந்தது. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் கி.மு. 167-இல் ஜெருசலம் ஆலயத்தை அசுத்தப்படுத்தி, யூதர்களின் மார்க்க அனுஷ்டானங்களைத் தடை செய்தான். அந்தக் கொடுமையில் துவண்டிருந்த மக்களுக்கு ஆறுதலாகவே இவ்வேட்டின் காட்சிகள் எழுதப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிவு.

அவர்கள் காட்டும் சான்று எளியது. அந்த ஏட்டின் பதினோராம் அதிகாரம் வரப்போவதைச் சொல்வது போல மன்னர்களின் போர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அந்தியோக்கஸின் கொடுமை வரை எல்லாம் வரலாற்றோடு பொருந்துகிறது. ஆனால் அவன் சாவு மட்டும் பொருந்தவில்லை. ஏட்டின்படி அவன் கடலுக்கும் ஜெருசலத்தின் புனித மலைக்கும் இடையே முடிவடைய வேண்டும்; அவனோ கி.மு. 164-இல் பாரசீகப் பக்கம் இறந்தான். ஆகவே அச்சாவுக்குச் சற்று முன்பு அப்பகுதி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கொள்கிறார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்னும் தத்துவ ஞானி இந்த வழியில் வாதிட்டிருக்கிறார்.

இவ்வாராய்ச்சி தானியால் (அலை) அவர்களின் கண்ணியத்தைப் பற்றியதன்று. அவர்கள் பெயரால் வழங்கும் ஓர் ஏட்டின் காலத்தைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

ஏனோக்கின் ஏடு

இரண்டாவது, ஏனோக்கு என்பவரின் பெயரால் வழங்கும் ஏடு. இத்ரீஸ் (அலை) அவர்களையே முன்னோர் அக்னூக் என்று அழைத்தார்கள் என நம் முஃபஸ்ஸிர்கள் பலர் எழுதியிருப்பதால் இது நமக்கும் தொடர்புடையது.

இந்த ஏடு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் காணாமற் போயிருந்தது. முழுமையாகக் காத்து வைத்திருந்தவர்கள் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள். ஆம், மக்காவின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் முதல் ஹிஜ்ரத் செய்த அதே ஹபஷா நாடுதான். ஜேம்ஸ் புரூஸ் என்னும் பயணி 1773-இல் அங்கிருந்து மூன்று பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார். 1821-இல் அது ஆங்கிலத்தில் வெளியாயிற்று. பின்னர் சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த தோற்சுருள்களில், இதே ஏட்டின் அரமேயத் துண்டுகள் அகப்பட்டன. ஆகவே அதன் பழைய பகுதிகள் ஈஸா (அலை) அவர்களின் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியவை என்பது உறுதியாயிற்று.

அதில் ஒரு கதை வருகிறது. இருநூறு மலக்குகள் ஒரு மலையில் இறங்கி, மானிடப் பெண்கள் மீது மோகம் கொண்டு, அவர்களுக்குச் சூனியமும் ஆயுதம் செய்யும் வித்தையும் கற்றுக் கொடுத்தார்களாம். இதைப் படிக்கும்போது நம் மக்களிடையே வழங்கும் ஹாரூத் மாரூத், ஸுஹ்ரா என்ற பெண் ஆகியோரின் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? அல்லாஹ்வின் கட்டளைக்கு மலக்குகள் மாறு செய்வதில்லை என்று தஹ்ரீம் அத்தியாயம் 6-ஆம் வசனம் தெளிவாக்கியிருக்க, அக்கதை எப்படி வந்தது?

இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தங்கள் தஃப்ஸீரில் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து, அது நபி (ஸல்) அவர்களின் வாக்கன்று, முன்பு யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தில் சேர்ந்த கஅபுல் அஹ்பாரிடமிருந்து வந்த செய்தி என்று எடுத்துக் காட்டினார்கள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் ஸனதை வைத்து அவர்கள் கண்ட முடிவுக்குத் துணை சொல்வது போல, அதே சாயலுள்ள கதை யூதர்களின் பழைய தோல் ஏட்டிலேயே இன்று கண்முன் கிடக்கிறது. ‘இஸ்ராயீலிய்யாத்’ என்று நம் இமாம்கள் தனியே பிரித்து வைத்ததன் அருமை இப்போது விளங்கும்.

யோவானின் வெளிப்பாடும் 666-உம்

மூன்றாவது, கிறிஸ்தவ வேதத்தின் கடைசி ஏடாகிய யோவானின் வெளிப்பாடு. ரோமப் பேரரசின் பிடியிலிருந்த ஏழு சபைகளுக்கு பத்மு என்னும் தீவிலிருந்து எழுதப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதில் ஒரு மிருகத்தின் எண் 666 என்று வருகிறது. இந்த எண்ணை வைத்துக் கொண்டு போப்பாண்டவர், நெப்போலியன், ஹிட்லர் என்று தத்தம் காலத்துக்கு ஏற்ப ஆட்களைச் சுட்டியவர்கள் கணக்கிலர்.

ஆராய்ச்சியாளர் என்ன சொல்கிறார்கள்? பிஸ்மில்லாஹ்வுக்கு 786 என்று எண்ணும் அப்ஜத் கணக்கு நம்மவர்க்குப் புதிதன்று. அதே முறை எபிரேயு மொழியிலும் உண்டு. ‘நெரோன் கைஸர்’ என்ற பெயரை அவ்வெழுத்துகளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்: நூன் 50, ரே 200, வாவ் 6, நூன் 50, காஃப் 100, ஸீன் 60, ரே 200. மொத்தம் 666. சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி ‘நெரோ’ என்று எழுதினால் கடைசி நூனின் 50 குறைந்து, சரியாக 616 வந்து விடுகிறது!

ஆக, அந்த எண் அக்கால வாசகர்கள் அறிந்திருந்த ஒரு கொடுங்கோலனை மறைவாகச் சுட்டியது என்பதே பெரும்பாலோரின் விளக்கம். பிற்கால மனிதர் எவரையும் தேடிப் பிடிக்கக் கொடுத்த விடுகதை அன்று.

தவறிய கணக்குகள்

இந்த ஏடுகள் தம் காலத்தில் துன்புற்றவர்களுக்குப் பொறுமையை ஊட்டப் பிறந்தவை. அதை மறந்து அவற்றைப் பஞ்சாங்கமாக ஆக்கியவர்கள் கண்ட பலன் என்ன? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்றொரு விவசாயி இருந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புகழ்பெற்ற முதல்வர் மில்லர் வேறு, இவர் வேறு. தானியேல் ஏட்டில் வரும் 2300 நாட்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457-இலிருந்து எண்ணி, ஈஸா (அலை) 1843 அல்லது 1844-இல் இறங்குவார் என்று அவர் பிரசங்கம் செய்தார். முடிவில் 1844 அக்டோபர் 22 என்று நாளும் குறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சிலர் பயிரை அறுவடை செய்யாமலே விட்டார்கள். மறுநாள் காலை வழக்கம் போல் சூரியன் உதித்தது.

நம் சமுதாயத்திலும் இதைவிடக் கொடிய நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20 அன்று, ஜுஹைமான் என்பவரின் கூட்டம் கஃபாவின் ஹரமையே ஆயுதங்களுடன் கைப்பற்றியது. தங்களில் ஒருவரை மஹ்தி என்று அறிவித்தது. புதிய நூற்றாண்டின் பிறப்பும், கூட்டத்தார் கண்ட கனவுகளும் அவர்களுக்கு ஆதாரமாயின. இரண்டு வாரம் சண்டை நடந்தது. பறவையைக் கூடத் துரத்தலாகாத அப்புனித மண்ணில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மஹ்தி என்று அழைக்கப்பட்டவரும் அங்கேயே கொல்லப்பட்டார். கணக்கும் கனவும் மார்க்கத்தின் இடத்தைப் பிடித்தால் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நமக்குள்ள வழி

அப்படியானால் இறுதிக் காலம் பற்றிய செய்திகள் அனைத்தையும் ஒதுக்கி விடுவதா? இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் தமீமுத் தாரி (ரலி) அவர்களின் செய்தி வருகிறது. தாம்பரத்துக்குத் தென்கிழக்கே கோவளம் கடற்கரையில் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் பெயரால் விளங்கும் தர்காவை அறிந்த நம்மவருள் சிலர், பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவதுண்டு. தமீமுத் தாரி (ரலி) ஷாம் நாட்டவர்கள். கிறிஸ்தவராக இருந்து ஹிஜ்ரி 9-இல் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். கடலில் ஒரு மாதம் அலைக்கழிந்து ஒரு தீவில் ஒதுங்கி, அங்கே விலங்கிடப்பட்ட தஜ்ஜாலைக் கண்ட வரலாற்றை அவர்கள் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் மக்களைக் கூட்டி அதை அறிவித்தார்கள். தாங்கள் முன்பே சொல்லியிருந்ததற்கு அது ஒத்திருந்ததே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார்கள். பழைய சமயத்தவர் வாயிலிருந்து வந்தது என்பதால் தள்ளவுமில்லை. வியப்பாயிருக்கிறது என்பதால் ஏற்கவுமில்லை. உரைத்துப் பார்த்தே ஏற்றார்கள். அந்த ஹதீஸிலும் ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை.

இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். இன்ன ஆண்டில் இன்னது நடக்கும் என்று தேதி குறித்து வரும் ரிவாயத்துகள் இட்டுக் கட்டப்பட்டவை என்பதே அவ்விதி. ஆகவே இத்தகைய செய்தி நம் கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் சொன்னவர் யார், தொடர் உண்டா? எக்காலத்தில், யாருக்காகச் சொல்லப்பட்டது? இதை நம்பினால் என் அமல் கூடுமா, அல்லது பீதி மட்டும் கூடுமா? மூன்றுக்கும் விடை கிடைக்காத செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்துவதே அமானிதம்.

தாம்பரத்தில் அறிஞர்கள் விவாதித்த கேள்விக்கும் நம் மார்க்கத்தில் தெளிவான வழி உண்டு. கியாமத் எப்போது என்று கேட்ட ஒருவரிடம், அதற்காக நீர் என்ன தயாரித்து வைத்திருக்கிறீர் என்றே நபி பெருமானார் (ஸல்) திருப்பிக் கேட்டார்கள். கியாமத் வந்துவிட்ட வேளையிலும் ஒருவர் கையில் ஈச்சங்கன்று இருந்து, அதை நட அவருக்கு அவகாசமும் இருந்தால் நட்டு விடட்டும் என்ற கருத்தில் அவர்கள் உபதேசித்ததை இமாம் அஹ்மது (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். முடிவு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. கன்று நம் கையில் இருக்கிறது. ஆண்டை எண்ணுவதை விட்டு, கையிலுள்ள கன்றை நடும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.