குடலோ, ஈரலோ, முன்னர் எது?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையொன்றிற் பணிபுரியும் பெரியவர் ஒருவர், எம் விடுதித் தோழரின் சிறிய தந்தையார், சென்ற விடுமுறையில் எம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அவர்க்கு மலக்குடலிற் புற்று, ஈரலிலும் பரவியிருந்தது. மருத்துவரோ ஈரலை முதலில் அறுப்போம் என்றனராம். “தம்பி, வேர் குடலிலே இருக்கக் கிளையை முந்தி வெட்டுவார்களா? என்னைக் கைவிட்டுவிட்டார்களோ?” என்றார். தமிழ் பயிலும் எமக்கு அன்று விடை தெரிந்திலது. பின்னர்ப் படித்தும் வினவியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதலாயினோம்.

குடலினின்று எழும் குருதியின் பெரும்பகுதி நேரே இதயத்தை அடைவதன்று. போர்ட்டல் சிரை என்னும் நாளத்தின் வழியே முதற்கண் ஈரலுட் புகுகின்றது. ஆகலின் குடற்புற்று பரவுங்கால் பெரும்பாலும் ஈரலிலேயே தங்குகின்றது. ஏறக்குறைய ஐவருள் ஒருவர்க்கு, நோய் அறியப்படும் நாளிலேயே அங்கும் அது காணப்படும். முற்காலத்தில் இதனை முடிவென்றே கருதினர். இன்றோ, ஈரற் கட்டிகளை முற்றும் அகற்றக்கூடுமாயின் ஐந்தாண்டும் அதற்கு மேலும் வாழ்வார் பலர். ஈரல் மீண்டும் வளருந் தன்மையது. நலமுள்ள ஈரலாயின் காற்பங்கு எஞ்சினும் உயிர் தாங்கும். நெடுநாள் கீமோதெரபியால் தளர்ந்ததாயின் அதனினும் மிகுதி வேண்டும்.

இனி முறைகளைக் காண்போம். குடலை முன்னும், சில திங்கள் கழித்து ஈரலைப் பின்னும் அறுப்பது பழைய முறை. குடல் அடைபடினும், துளைபடினும், குருதி மிகுதியாய் ஒழுகினும் குடலைக் கவனித்தல்லது வேறு வழியில்லை. ஆனால் குடலில் தைத்த இடம் கசியுமாயின் மருந்து தடைப்படும். அதற்குள் ஈரல் நோய் அறுக்கவொண்ணாதபடி வளர்ந்துவிடும். இந்நோயில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் குடற்கட்டியன்று, ஈரற் பரவலே. இதனை உன்னியே ஜெனிவா நகரத்து மென்தா என்பார், முதலில் மருந்து, அடுத்து ஈரல், இறுதியிற் குடல் என்னும் மாற்று முறையை 2006-இல் வெளியிட்டார். மலக்குடற் புற்றுக்கு இது பெரிதும் ஏற்றது. அதற்குரிய கதிர் சிகிச்சையும் அதன்பின் காத்திருத்தலும் பல வாரங் கொள்வன. அத்தனை நாளும் ஈரலை வாளா விட்டுவைத்தல் ஆகாதன்றோ? பெரியவரைக் கைவிட்டாரில்லை, மிக்க இடரை முன்னர்த் தீர்க்க எண்ணினர்.

இரண்டையும் ஒரே நாளில் அறுக்கும் முறையும் உண்டு. பிரான்சு தேசத்தில் 85 நோயாளரிடை நிகழ்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், ஒருங்கே அறுத்தோருள் நூற்றுக்கு 49 பேர்க்கும், பிரித்து அறுத்தோருள் 46 பேர்க்கும் பெருந்துன்பங்கள் நேர்ந்தன, வேற்றுமை சிறிதே. எம் நெஞ்சைத் தொட்டது பிறிதொன்று. ஈரலைப் பின்னர் அறுப்பதாக வைத்த 46 பேருள் எண்மர் அவ்விரண்டாம் அறுவையை எய்தவேயில்லை. அவருட் பலர்க்கு நோய் முந்திக்கொண்டது. எனினும் ஈரலிற் பெரும்பங்கும் மலக்குடலும் ஒருங்கே அறுக்கப்படுதல் உடலுக்குப் பெருஞ்சுமையாதலின், அதனைப் பெரும்பாலும் தவிர்ப்பர். எல்லார்க்கும் பொருந்தும் ஒரே வரிசை நிறுவப்படவில்லை. அறுவையாளரும், மருந்து தருவாரும், கதிர் தருவாரும் ஒருங்கிருந்து ஆளுக்கேற்ப முடிவு செய்வர்.

இதனைப் பெரியவர்க்கு விளக்க யாம் இடர்ப்பட, அவரே உவமை தந்தார். மின்கம்பத்துப் பீங்கானைப் பூச்சோடு ஒரே சூட்டிற் சுடுவராம். உணவுத் தட்டை முன்னர் இளஞ்சூட்டிலும் பூச்சிட்டபின் கடுஞ்சூட்டிலும் சுடுவராம். எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானுக்கோ முதற்சூடே கடியதாம். “மண்ணைப் பார்த்துத்தானே சூளை வைக்கிறோம்!” என்று நகைத்தார்.

எம் அச்சம் வேறு. முதலறுவை முடிந்து உடல் தேறியதும், கூலியும் வண்டிச் செலவும் எண்ணி இரண்டாவதற்குச் செல்லாதிருப்பார் உளர். எனவே, அடுத்தது எது, எந்நாள் என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு அவரை வேண்டினோம். ஈரலறுவை நலமே முடிந்தது. குடலறுவைக்குக் குறித்த நாளை அவர் வீட்டு நாட்காட்டியிற் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கின்றார். சூளையில் தம் முறையையும் மாற்றிக்கொண்டுவிட்டார்.