தீபாவளிக் கணக்கை இப்போதே பேசுவோம்



தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, இப்போதே எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். பண்டிகை நேரத்தில் நமது லயங்களில் வரும் தலையிடி, சண்டை, தூக்கமில்லாமை எல்லாம் பெரும்பாலும் கடைசி ஒரு கிழமையில்தான் வருகின்றன. அந்தக் கிழமையில்தான் முற்பணம் கைக்கு வரும். பிள்ளைகள் உடுப்புக் கேட்பார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். மழையும் விடாது. அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம்? அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறோம்.

முதலில் கலண்டரைப் பாருங்கள். 2025 இல் தீபாவளி ஒக்டோபர் 20 இல் வந்தது. பத்தாம் திகதி சம்பளம் எடுத்து, பத்து நாள் கழித்துப் பண்டிகை. 2026 இல் அது நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பத்தாம் திகதி சம்பளம் போடும் தோட்டங்களில் சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்னால்! தோட்டத்தில் சம்பளத்தை முந்திக் கொடுத்தால் சந்தோசம். ஆனால் அதிலும் ஒரு விசயம் இருக்கிறது. முந்தி வாங்கிய அந்தச் சம்பளத்தில்தான் டிசம்பர் 10 வரை அடுப்பு எரிய வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. தீபாவளி முடிந்து இரண்டாம் கிழமையே கடைக் கொப்பியில் கடன் ஏறுவது இதனால்தான்.

இனி முற்பணத்துக்கு வருவோம். முற்பணம் என்பது நமக்குப் புதுசு இல்லை. இந்தியாவிலிருந்து வந்த நமது பாட்டன், பூட்டன்மார் கங்காணியிடம் முற்பணம் வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். அந்தக் கடன் அவர்களை விட்டுப் போகவே இல்லை. இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால், கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இன்றைய தீபாவளி முற்பணம் அப்படிப்பட்டது அல்ல, அதைக் காட்டி யாரும் நம்மைக் கட்டிப்போட முடியாது. என்றாலும் அது தோட்டம் தரும் பரிசும் அல்ல. நாளைக்கு நாம் எடுக்கப் போகும் கொழுந்தின் காசு அது.

ஒரு கணக்குக்குச் சொல்வோம். புருசனும் பெண்சாதியும் ஆளுக்கு 20,000 ரூபா எடுக்கிறார்கள், பத்து மாதத்தில் கழிக்கிறார்கள் என்று வையுங்கள். கையில் ஒரே நாளில் 40,000. பார்க்கப் பெரிசாகத்தான் இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு வரும் சம்பளத்தில் மாசாமாசம் 4,000 குறையும். மழைக்காலத்தில் பேர் குறைந்தாலும் இந்தக் கழிவு குறையாது. உங்கள் தோட்டத்தில் எவ்வளவு, எத்தனை மாதம் என்று செக்ரோல் கிளாக்கரிடம் கேட்டு வையுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு நாள் இராத்திரி, சாப்பாட்டுக்குப் பின், இருவரும் உட்காருங்கள். பிள்ளையின் பழைய கொப்பியில் மிச்சத் தாள் இருந்தால் அது போதும். தீபாவளிச் செலவை முதலில் எழுத வேண்டாம். கடைக் கடன், அடகு வட்டி, அந்த மாதத்து அரிசி, மா, பிறகு பாடசாலைச் செலவு, இவற்றை முதலில் எழுதுங்கள். பாடப் புத்தகம் 1980 இலிருந்து அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. ஆனால் கொப்பி, சப்பாத்து, பை எல்லாம் நமது செலவுதானே. இவ்வளவையும் கழித்து மிச்சம் நிற்பதுதான் தீபாவளிக் காசு. பெரிய பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். வீட்டு நிலவரம் தெரிந்த பிள்ளை விலை கூடிய உடுப்புக்கு அடம் பிடிப்பது குறைவு என்பதை நாங்கள் பல லயங்களில் கண்டிருக்கிறோம்.

ஆண்கள் கோபிக்கக் கூடாது. ‘வருசத்துக்கு ஒரு நாள்தானே’ என்று சொல்லும் சாராயக் காசையும் அதே கொப்பியில் எழுதத்தான் வேண்டும். எழுதாத செலவு அது ஒன்றுதான், சண்டை வருவதும் அங்கேதான்.

இன்னொரு பாரம் கொப்பியில் ஏறாது. வீட்டுப் பெண்ணின் பாரம். காலையில் பெரட்டு, பகல் முழுக்க மலையில் கொழுந்து, பின்னேரம் வந்து காம்பரா கழுவல், இராத்திரி பன்னிரண்டு மணி வரை எண்ணெய்ச் சட்டி. தீபாவளி அன்று எல்லாரும் புதுசு உடுத்திச் சிரிக்கும்போது அவளுக்கு இடுப்பு நிமிர்வதில்லை. சுண்ணாம்பு அடிப்பதும் விறகு சேர்ப்பதும் ஆண்களின் வேலையாக இருக்கட்டும், அதுவும் இரண்டு கிழமைக்கு முன்னமே. பலகாரத்தில் ஏழு வகை எதற்கு? முறுக்கு, அதிரசம் இரண்டையும் நாலைந்து நாளுக்கு முன்னே சுட்டு வைக்கலாம். நமது பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் முறுக்கு சீக்கிரம் நமுத்துப் போகும், ஆகவே நன்றாக ஆறவிட்டு, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் போடுங்கள். வடை மட்டும் அன்றைக்கு. ஒரே லயத்தில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு அடுப்பில் சுட்டால் எண்ணெயும் விறகும் மிச்சம், பேச்சுத் துணையும் கிடைக்கும்.

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் ஒரு மாதத்துக்கு முன்பே போனில் பேசுங்கள். ‘என்ன வாங்கிட்டு வர்ற?’ என்று மட்டும் கேட்டால் போதாது, எப்போது வருகிறாய் என்று கேளுங்கள். தம்பிக்கு உடுப்பு அக்கா வாங்குகிறாள் என்றால் வீட்டில் இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. முதல் நாள் இராத்திரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2025 மே 11 அதிகாலை, வெசாக்குக்கு முதல் நாள், நமது கொத்மலை கெரண்டியெல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்கள் அதில் இருந்தார்கள். இரண்டு நாள் முந்தியோ, பகல் பஸ்ஸிலோ வரட்டும். அதற்கு லீவு முன்னமே கேட்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் வீட்டில் சண்டை முற்றி அடிதடி வந்தால், பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். மனசு தாங்காமல் போனால் 1926. அவசர அம்புலன்சுக்கு 1990, அதற்குக் காசு இல்லை. மூன்றையும் கொப்பியின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கடைசியாக மழை. தீபாவளிக் காலம் மண் சரியும் காலமும்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் உயிர்களும் வீடுகளும் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். உயிர் தப்பியவர்களில் பலர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிறகு அலைய வேண்டி வந்தது. காம்பராவைத் துப்புரவு செய்யும் நாளில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் காகிதங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பொலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல், வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.